‘தொட்டுப் பாருங்க அக்கா!’

போன வருடம் ஆகஸ்ட் மாதம். பெங்களூரில் மழை பெய்கிறதா, விட்டுவிட்டதா என்றே தெரியாமல் நாள் முழுக்கச் சாரல் விழுந்துகொண்டிருந்த சமயம். நாங்கள் தொம்மலூரில் குடியிருக்கிறோம். நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் ஸ்டாஃப் ரூம் இரண்டாவது மாடியில். சில வாரங்களாகப் படியேறினால் கீழ்த்தாடை வலித்தது, உட்கார்ந்தால் சரியாகிவிடும். பல் கோளாறு என்று பல் டாக்டரிடம் போனேன். அவர் பார்த்துவிட்டு, “பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. படியேறினா மட்டும் வலிக்குதுன்னா முதல்ல ஒரு இசிஜி எடுத்துடுங்க” என்றார். சிரித்துக்கொண்டேதான் எடுக்கப் போனேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால்தான் இதய நோய் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

இசிஜியில் கோளாறு தெரிந்து, ஆஞ்சியோவும் எடுத்து முடிந்ததும் அறுவை சிகிச்சை நிபுணர் என்னையும் என் கணவரையும் எதிரே உட்கார வைத்தார்.

“மூணு குழாய்ல அடைப்பு மேடம். அதுல ஒண்ணு மெயின் குழாய். உங்களுக்கு சுகரும் இருக்கறதால ஸ்டென்ட் சரிப்படாது. ரோடு அடைச்சுக்கிட்டா பக்கத்துல புது ரோடு போட்டுத் தாண்டிப் போறோம்ல? பைபாஸும் அதுதான். ரொம்பத் தள்ளிப் போடாதீங்க.”

நெஞ்செலும்பை நடுவில் பிரிப்பது, காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்து வைத்துத் தைப்பது, தைக்கிற நேரத்தில் இதயத்தை நிறுத்திவிட்டு இயந்திரத்தின் மூலம் ரத்தத்தை ஓட வைப்பது என எல்லாவற்றையும் பொறுமையாகவே சொன்னார். எனக்குத்தான் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து கேட்பது மாதிரி இருந்தது. ‘இதயத்தை நிறுத்திவிட்டு’ என்ற இடத்திலேயே நானும் நின்றுவிட்டேன். அந்த நேரத்தில் நான் எங்கே இருப்பேன்? டாக்டரிடம் இதைக் கேட்க வெட்கமாக இருந்தது.

அதற்கப்புறம் வந்த நாட்களை நான் முழுசாக விழித்துக்கொண்டு கழித்ததாகவே நினைவில்லை. பால்கனியில் துணி காயப்போட்டால், ஈரத்துணியைக் கையில் வைத்தபடி எதிர்வீட்டு மரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். மகள் பேசுவாள், உதடு அசைவது மட்டும் தெரியும். சாரலில் தெரு, வீடு, மனிதர்கள் எல்லாமே கொஞ்சம் கரைந்து தெரிந்தன. என் உடம்பும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருந்தது. மனசின் ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு முடிவு தெளிவாக இருந்தது: டெஸ்ட்டெல்லாம் எடுத்துக்கொள்வது, கடைசியில் முடியாது என்று சொல்லிவிட்டு வேலூருக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விடுவது. மாத்திரையிலேயே ஓட்டிவிடலாம் என்று நானே எனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைகளுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம், எக்ஸ்ரே, ஊதச் சொல்லி நுரையீரலுக்கு ஒரு டெஸ்ட். கடைசியாக இதயத்துக்கு எக்கோ ஸ்கேன். கணவர் வெளியே உட்கார்ந்திருக்க, பெண்கள் உடை மாற்றும் சின்ன அறைக்குள் என்னை அனுப்பினார்கள். அங்கே இன்னொரு பெண்மணி பச்சை கவுனை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். என்னைவிட இரண்டு, மூன்று வயது சின்னவராக இருக்கலாம். நெற்றியில் குங்குமம், தலையில் ஒரு துண்டு மல்லிகை.

“மேடம், ஸ்வல்ப கட்டி கொடி” என்று கவுனின் நாடாவைக் கட்டிவிடச் சொல்லி முதுகைக் காட்டினார். “கைய பின்னாடி வளைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க” என்று என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறிக்கொண்டார்.

நாடாவைக் கட்டிக்கொண்டே, “தமிழா நீங்க?” என்றேன்.

“கன்னடம்தான். ஆஸ்டின் டவுன்ல பொறந்தது, சுத்தி எல்லாம் தமிழ் வீடுங்க. தமிழ் நல்லா மாத்தாடுவேன், பேசுவேன்” என்று சிரித்தார். திரும்பி என்னைப் பார்த்தவர், “நிமகூ… உங்களுக்கும் பைபாஸா?” என்றார்.

தலையை ஆட்டப் போனேன், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. “நான் பண்ணிக்கப் போறதில்ல” என்றேன். கணவரிடம்கூடச் சொல்லாததை, முன்பின் தெரியாதவரிடம் முதல் தடவையாகச் சொல்லிவிட்டேன்.

அவர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். கவுனின் கழுத்தைக் கீழே இழுத்தார். தொண்டைக்குக் கீழே ஆரம்பித்து நெஞ்சின் நடுவே நேராக இறங்கியது ஒரு கோடு. லேசாகத் தடித்து, கருஞ்சிவப்பாக, மினுமினுவென்று இருந்தது. நான் மனசுக்குள் ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டிருந்தது வேறு ஏதோ பயங்கரம்.

“தொட்டுப் பாருங்க அக்கா!”

“வேணாம், வலிக்கப்போகுது.”

“வலிக்காது. தொடுங்க.”

என் விரல்களை எடுத்து அவரே வைத்துக்கொண்டார். வழவழவென்று, வெதுவெதுப்பாக இருந்தது. அதற்கும் உள்ளே, டப் டப் என்று துடித்துக்கொண்டிருந்தது அவருடைய இதயம். நிறுத்தி, தைத்து, மறுபடி ஓட விட்ட இதயம். ஜன்னலில் சாரல் வழிந்தது. என் மூச்சும் அந்தத் துடிப்போடு மெல்ல மெல்ல அடங்கியது.

“கண்ணு முழிக்கிறப்போ தொண்டைல குழாய் இருக்கும், பேச வராது” என்றார். “கைய லேசா கட்டியிருப்பாங்க. எனக்கு யாரும் சொல்லல, செத்தே போயிட்டேன்னு நெனச்சேன். அது போயிடும். நர்ஸ் கூப்பிட்டா தலைய மட்டும் ஆட்டுங்க. இருமல் வந்தா தலகாணிய நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிட்டு இருமுங்க. வீட்டுக்கு வந்தப்புறம் சும்மா சும்மா அழுகை வரும். வரட்டும், விட்டுடுங்க.”

உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். “ஹெதர்பேடி அக்கா, பயப்படாதீங்க” என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் எக்கோ எடுத்துவிட்டு வெளியே வந்தேன். அவரை எங்கும் காணோம். கணவரிடம், “அட்மிஷன் எப்போன்னு கேட்டுட்டு வாங்க” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் முடிவு அவருக்கு முன்பே தெரிந்திருக்கும் போல. வேகவேகமாக நடந்து போனார்.

ஆபரேஷன் அன்று காலை தாலி, மெட்டி, வளையல் எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தேன். கல்யாணத்திலிருந்து கழற்றாத மூக்குத்தி மட்டும் வர மாட்டேன் என்றது. நர்ஸ் ஏதோ ஜெல் தடவி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி எடுத்தார். தாலியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட கணவர், அந்தப் பையிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஸ்ட்ரெச்சரில் போகும்போது மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. பயம் இருந்தது. ஆனால் வழி தெரிந்த ஊருக்குப் போகிற பயம்.

யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கண்ணைத் திறந்தால் ஒரே வெளிச்சம். கத்தப் பார்த்தேன், குரல் இல்லை. கையை இழுத்தேன், வரவில்லை. பீதி கிளம்பிய அந்தக் கணத்தில், ‘அது போயிடும்’ என்ற குரல் ஞாபகம் வந்தது. கையைத் தளர்த்தினேன். நர்ஸைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். “குட், ரொம்ப நல்லா பண்றீங்க” என்றார் அவர். சின்னப் பிள்ளை மாதிரி எனக்கு அவ்வளவு பெருமை!

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மத்தியானம், கணவர் எனக்காக உப்புக் குறைத்து வைத்த ரசத்தைப் பார்த்ததும் விக்கி விக்கி அழுதேன். அவர் பதறிப்போய்விட்டார். “ஒண்ணுமில்ல, இது வரும்னு எனக்குத் தெரியும்” என்றேன்.

அவருடைய பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் கண் தேடுகிறது, இதுவரை பார்க்கவில்லை. என் உயிரைக் காப்பாற்றியவர்கள் டாக்டர்கள்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் கையில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், முன்பின் தெரியாத ஒருத்திக்குத் தன் நெஞ்சைத் திறந்து காட்டக் கூச்சப்படாத அந்தத் தங்கைதான் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.