பந்தல் கம்பிச் சட்டம்

ஓடைப்பட்டியில் ஞாயிறுதோறும் திராட்சைப் பந்தலின் கீழ் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். கொத்தில் கை வைத்தால் இடம் கிடையாது என்று தோட்டத்துக்காரர் சொல்லியிருந்தார். அதனால் சட்டம் பற்றிய பாடத்தை அங்கிருந்தே தொடங்கினேன். பிள்ளைகள் கைதூக்கி இரண்டு சட்டங்களை நிறைவேற்றினார்கள்: ஒன்று, கொத்தைத் தொடக் கூடாது, இரண்டு, உதிர்ந்ததைத் தின்னலாம். மூன்றாம் வகுப்புக்காரி ஒருத்தி போலீஸானாள்.

அடுத்த வாரம் நான்கு பேர் பந்தல் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். பழம் மழையாகக் கொட்டியது.

“ஏலே, என்ன இது?”

போலீஸ் மென்றுகொண்டே சொன்னாள்: “கொத்த யாரும் தொடல டீச்சர். கம்பியத்தான் ஆட்டுறானுக.”

மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிப்பது என் வேலை. சட்டத்தில் இருந்த இந்த ஓட்டை எனக்குத் தெரியவில்லை. கம்பியையும் சேர்த்துத் திருத்தம் கொண்டுவந்தேன். என் கை மட்டுமே உயர்ந்தது. அதற்குள் தோட்டத்துக்காரர் வந்துவிட்டார்.

இப்போது வகுப்பு எங்கள் மொட்டைமாடியில், வெயிலில் நடக்கிறது. திருத்தம் ஒருமனதாக நிறைவேறிவிட்டது.