பொழுது சாய்ந்த பிறகு அக்கா உண்ட கஞ்சி

இந்த நினைவு மலரின் அட்டையில் அக்காவின் படத்துக்குக் கீழே ஒரு வரி இருந்திருக்க வேண்டும். "இறுதிவரை இரவு உண்ணா நோன்பு காத்தவர்" என்று போடச் சொல்லிப் பெரியப்பா எழுதிக் கொடுத்திருந்தார். அச்சகத்தார் அதைச் சேர்த்துச் சரிபார்க்க எனக்கு அனுப்பியும் விட்டார்கள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தது சரிதானா என்று இதை எழுதும்போதும் எனக்குத் தெரியவில்லை. உறவினர்கள் காரணம் கேட்பீர்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்ல எனக்குத் தைரியம் போதாது. அதனால் அக்காவின் வாழ்க்கையோடு சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா மேல்சித்தாமூரில் பிறந்தார். அப்பாவின் நிலக்கடலை வியாபாரத்துக்காகக் குடும்பம் திண்டிவனத்துக்கு வந்தது. அப்பா காலமானபோது அக்கா கல்லூரியில் முதல் ஆண்டு, நான் பள்ளியில். கடையை அம்மா எடுத்து நடத்தினார். அக்கா கல்லூரி விடுதியில் தங்கி, மாலையில் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே உணவு அறிவியல் படித்து முடித்தார். கர்நாடகத்தில் ஓர் உணவு ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. திருமணப் பேச்சு எடுத்தால் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

எங்கள் குடும்பத்தைச் சேராத நண்பர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். சமணர்களாகிய நாங்கள் பொழுது சாய்ந்த பிறகு உண்பதில்லை. இன்று எல்லோராலும் முடிவதில்லை. கைக்குழந்தையோடு என்னாலும் முடியவில்லை. அக்கா மட்டும் சிறுவயதில் எடுத்த நோன்பை விடுதியிலும் விடவில்லை, வேலையிலும் விடவில்லை. விடுதியில் இருட்டிய பிறகே சமையல் ஆகும் என்பதால் மதியச் சப்பாத்தியை எடுத்துவைத்து, வெயில் இருக்கும்போதே அதைத் தின்றுவிட்டுப் படிக்க உட்காருவாராம். ஆய்வுக்கூடத்தில் மாலையில் ருசி பார்க்கும் வேலை வந்தால் அவர் பங்கை மறுநாள் காலைக்கு மூடிவைப்பார்கள் என்று உடன் பணிபுரிந்தவர்கள் சொன்னார்கள்.

நம் நாடு முதன்முறையாகத் தன் சொந்த ராக்கெட்டில் மனிதரை விண்வெளிக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவருவதை எல்லோரும் அறிவீர்கள். அப்படிப் போகிறவர்களுக்கான உணவைத் தயாரிக்கும் குழுவில் அக்கா இருந்தார். கேள்விப்பட்டதும் அம்மா கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"ராக்கெட்டுல போறவங்களுக்கு உப்புமா கிண்டறதுக்கா இவ்ளோ படிச்ச?"

"போறவங்களும் சாப்புடணும் இல்லம்மா."

அங்கே எடை என்பதே தெரியாதாம். ஒரு துணுக்கு சிந்தினாலும் கீழே விழாது. மிதந்துபோய்க் கண்ணில் படும், கருவிக்குள் நுழையும். ஆகவே உப்புமா உதிரக் கூடாது, அதற்காகக் களியாகவும் ஆகிவிடக் கூடாது. விடுமுறைக்கு விழுப்புரத்தில் என் வீட்டுக்கு வந்தாலும் அக்காவுக்கு அதே யோசனைதான். கூடத்தில் கறுப்புத் துணியை விரித்து என் மகனை நடுவில் உட்காரவைத்து உப்புமாவைக் கையில் கொடுப்பார். அவன் எழுந்ததும் குனிந்து துணியை ஆராய்வார். "இவன் சிந்தாம சாப்ட்டான்னா உலகத்துல யாரு வேணா சாப்புடலாம்" என்பார். நான் பிள்ளைக்கு ரவை ஒத்துக்கொள்ளுமா என்று கவலைப்பட்டுக்கொண்டு நிற்பேன்.

ஒரு வருடம் மேல்சித்தாமூர்த் தேருக்கு எல்லோரும் கூடியிருந்தோம். விண்கலம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவிடும், ஒவ்வொரு சுற்றிலும் சூரியன் உதித்து மறையும் என்று அக்கா சொன்னதும் பெரியப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அப்ப நம்மாளு எவனாச்சும் போனான்னா, வாயில வச்சத முழுங்கறதுக்குள்ள இருட்டிக்கினு வந்துடுமே?"

எல்லோரும் சிரித்தோம். பெரியப்பா சிரிக்கவில்லை. ராக்கெட் கிளம்பிய ஊரின் பொழுதைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும் என்று யோசித்து முடிவு சொன்னார். அதை அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

"பசிச்சவன் சாப்புடட்டும். அவ்ளோ ஒசரத்துல எது பகலு எது ராத்திரின்னு யாரு கண்டா?"

"உங்கம்மா உத்தரவு குடுத்துட்டா. போய் உங்க ஆபீசுல சொல்லிடு" என்று பெரியப்பா கேலி செய்தார்.

அதற்கு அடுத்த ஆண்டு அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. நானும் அம்மாவும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வசதியாக, விழுப்புரத்தில் என் வீட்டுக்கு அருகிலேயே ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். உடம்பு சற்றுத் தேறினால்தான் அடுத்த சிகிச்சையைத் தாங்கும், இரவிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆகாரம் போக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அக்கா இரவில் மருந்தும் நீரும் மட்டும் எடுத்துக்கொண்டார். செவிலியர் முடிந்த அளவு ஆகாரத்தைப் பகலிலேயே கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே நேரத்தில் அவ்வளவு உண்ண அக்காவால் முடியவில்லை. எடை இறங்கிக்கொண்டே போனது.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பெரியப்பா அக்காவின் உறுதியைப் பெருமையாகச் சொன்னார். எனக்கோ ஒன்றும் புரியவில்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து தோழிகள் பேசினால், சோதனைகள் எதுவரை வந்திருக்கின்றன என்றுதான் அக்கா முதலில் கேட்பார். மனிதர் போகும் நாளன்று எழுந்து நடமாடிக்கொண்டிருக்க வேண்டும் என்பார். இவ்வளவு ஆசை இருப்பவர் ஏன் சாப்பிட மறுக்கிறார்? வற்புறுத்தினால் நோன்பைக் கெடுத்தவள் ஆவேனா, வற்புறுத்தாவிட்டால் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றவள் ஆவேனா? இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டு மருத்துவமனைக்கு ஓடுவேன்.

அப்படி ஒருநாள் விளக்கு வைத்த பிறகு போனபோது அம்மா கிண்ணத்தில் கேழ்வரகுக் கஞ்சியை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வார்டில் சன்னல் கிடையாது.

"பொழுது போயிடுச்சாம்மா?" என்று அக்கா கேட்டார்.

இன்னும் இல்லை என்று அம்மா சொல்லிவிட மாட்டாரா என்று நான் எதிர்பார்த்தேன்.

"போயிடுச்சுடி. நல்லா இருட்டிடுச்சு. இந்தா, சாப்புடு."

அக்கா அம்மாவின் பக்கம் திரும்பினார். "மேல போறவங்களுக்குத்தான நீ உத்தரவு குடுத்த. நான் தரையிலதான கெடக்கறேன்."

"எழுந்து வேலைக்குப் போவணும்னு உனக்கு ஆசை இருக்குதா, இல்லையா?"

"இருக்குதும்மா."

"அப்ப வாயத் தெற."

அக்கா வாயைத் திறந்தார். அன்றும், அதற்குப் பின் வந்த மாலைகளிலும் அம்மா ஊட்டினார். எடை சற்று ஏறியது. அடுத்த சிகிச்சையும் நடந்தது. ஆனால் அக்காவின் உடம்பு அதைத் தாங்கவில்லை.

மயானத்திலிருந்து திரும்பியவர்களிடம், நோன்பு கெடாமல் போய்ச் சேர்ந்தாள் என்று பெரியப்பா அழுதபடியே சொல்லிக்கொண்டிருந்தார். மாலைகளில் அவர் மருத்துவமனைக்கு வந்ததில்லை, அவருக்குத் தெரியாது. உண்ணாமல் உயிர் விடுவது நம் மதத்தில் உயர்ந்த முடிவுதானே என்று சிலர் ஆறுதலாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் அன்பு இருந்தது. ஆனால் அது என் அக்காவைப் பற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. நோன்பை முறித்தும் பிழைக்கவில்லையே, கடைசிவரை அதைக் காத்திருந்தால் இன்னும் நிம்மதியாகப் போயிருப்பாரோ என்றும் சில நாட்களில் தோன்றுகிறது. எது உண்மை என்று யாரிடம் போய்க் கேட்பது?

அட்டை வரியைப் படித்துக் காட்டியபோது அம்மாவுக்கு அந்தக் குழப்பம் எதுவும் இருக்கவில்லை. "எடுத்துடு. அவ சாப்ட்டா, நான்தான் ஊட்டுனேன். போய்ச் சேரணும்னு எம்பொண்ணு வயித்தக் காயப்போடல. உசுரோட இருக்கணும்னு சாப்ட்டா. அத எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

இதை எழுதும் நாள்வரை ராக்கெட் மனிதரை ஏற்றிக்கொண்டு போகவில்லை. போகும்போது அக்காவின் உப்புமாவும் உடன் போகுமா, வேறொருவர் கைப்பக்குவமாக மாறியிருக்குமா என்று எங்களுக்குத் தெரியாது. அவருடைய குழுவினரைக் கேட்டுத் தொந்தரவு செய்யவும் மனம் வரவில்லை. அக்காவைத் தங்களில் ஒருவராக நடத்திய அவர்களுக்கு எங்கள் நன்றி. சிகிச்சை அளித்த டாக்டருக்கும், நோன்பைக் கேலி செய்யாமல் நேரத்தை மாற்றிப் பார்த்த செவிலியருக்கும், அம்மா விழுப்புரத்தில் இருந்த நாட்களில் திண்டிவனத்தில் கடையைத் திறந்து மூடிய பக்கத்துக் கடைக்காரருக்கும், என் மகனைத் தன் பேரனாகப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு அம்மாவுக்கும் நன்றி.

பெரியப்பாவுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். வரியை எடுத்துவிட்டதையும் அதற்கான காரணத்தையும் அவரிடம் தொலைபேசியில் பயந்துகொண்டே சொன்னேன்.

"என்னா குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"கேப்பைக் கஞ்சி, பெரியப்பா."

"வயிறாரச் சாப்ட்டாளா?"

"சாப்ட்டாங்க, பெரியப்பா. இன்னும் கொஞ்சம் குடுன்னு கேட்டு வாங்கிச் சாப்ட்டாங்க."