சம்பான் கவிழ்ந்த ஞாயிறு

கல்யாணமான ஒரே வாரத்தில் அவர் மலாயாவுக்குக் கப்பலேறிவிட்டார். யோங் பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கிராணி வேலை, ஆள் கணக்கு எழுதுவது. எட்டு மாதம் கழித்து என்னை அழைத்துக்கொண்டார். வந்து ஒரு மாதமாகியும் எங்களுக்குள், "சாப்பாடு போடவா?", "ம்" என்பதற்கு மேல் பேச்சு வளரவில்லை.

ஒரு ஞாயிறு காலை அவராகவே கேட்டார்: "காட்டுக்குள்ள ஒரு ஏரி இருக்கு. போலாமா?"

புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினோம். ரப்பர் மரங்கள் முடிந்ததும் ஈரமான ஒற்றையடிப் பாதை. வழியில் என் கணுக்காலில் அட்டை ஏறிவிட்டது. நான் அலறியதும் அவர் மண்ணில் மண்டியிட்டு, வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைத் தடவி அதை எடுத்துவிட்டார். புருஷன் என் காலைத் தொடுகிறாரே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவரோ, ரத்தம் நிற்கும்வரை விரலால் அழுத்திப் பிடித்திருந்தார்.

ஏரிக்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்த மலாய்க்காரர் தம்முடைய சம்பான் படகைக் கொடுத்தார். என் புருஷன் துடுப்புப் போட, நான் எதிரே உட்கார்ந்தேன். நடு ஏரியில் அல்லி பூத்திருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்திருப்பார் போலும். "இரு, பறிச்சுத் தர்றேன்" என்று எழுந்து நின்றார்.

சம்பான் கவிழ்ந்தது.

நான் ஆற்றங்கரையில் வளர்ந்தவள். தண்ணீருக்கு மேலே வந்ததும் அவரைத் தேடினேன். இரண்டு கை மட்டும் தெரிந்தது, அதுவும் மறைந்தது. கரையிலிருந்து மலாய்க்காரர், "அலமாக்!" என்று கத்துவது கேட்டது. புடவை காலைச் சுற்றிக்கொள்ள, எப்படியோ முங்கி அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தேன். பாதித் தூரம் இழுத்து வந்தபோது மலாய்க்காரரும் நீந்தி வந்து தோள் கொடுத்தார்.

கரையில் அவர் தண்ணீரைக் கக்கி மூச்சு வாங்கினார். அடுத்தவர் பார்க்க, கட்டிய புருஷனை முடியைப் பிடித்து இழுத்துவிட்டோமே, என்ன சொல்வாரோ என்று பயந்தபடி புடவைத் தலைப்பைப் பிழிந்தேன்.

"நீச்சல் தெரியும்னு நீ சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லையே."

 அவர் இருமல் வரும்வரை சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். மலாய்க்காரர் சுட்டுத் தந்த மீனைத் தின்றுகொண்டே, துணி காயும்வரை பேசினோம். தாயில்லாமல் வளர்ந்ததையும், நான் வரும்வரை தனியாக இந்தத் தோட்டத்தில் கிடந்த எட்டு மாதத்தையும் சொன்னார்.

கிளம்பும்போது, "எனக்கும் நீச்சல் கத்துக்குடுப்பியா?" என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் போனோம். இடுப்பளவு தண்ணீரில் அவர் முதுகுக்கடியில் என் கைகளைக் கொடுத்து மிதக்க வைத்தேன். "பொண்டாட்டிகிட்டப் போயி நீச்சல் கத்துக்கிறாரு" என்று தோட்டமே சிரித்தது. அவர் சட்டை செய்யவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள், தண்ணீருக்குள் விழுந்து கிடந்த மரம்வரை தனியாகவே நீந்திப் போய்விட்டார். அதைப் பிடித்துக்கொண்டு திரும்பி, கையை ஆட்டி, உரக்க என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதுவரை அவர் வாயில் நான் கேட்டிராத பெயர்.