'வாறன்' என்று சொன்ன அப்பா

தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து சாப்பிட இருந்தபோதுதான் அழைப்பு வந்தது. ரஷ்யாவில் அப்பாவோடு ஒன்றாக நின்ற அரியாலையைச் சேர்ந்த அண்ணை ஒருவர் கதைத்தார். அம்மா கடைசிவரை கேட்டார். "தம்பி, நீங்கள் நம்பரை மாறி எடுத்திட்டியள்" என்று சொல்லித் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு என் சோற்றுக்குக் குழம்பு ஊற்றினார்.

குருநகரில் அப்பாவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அம்மா நித்திரையான பிறகுதான் எழுத முடிகிறது. எங்கள் வீட்டில் அவரைப் பற்றி 'இருந்தார்' என்று யாரும் சொல்லக்கூடாது. நான் எழுதுவதாலேயே அது உண்மையாகிவிடுமோ என்று எனக்கும் பயமாயிருக்கிறது.

அப்பா சண்டைக்கென்று போனவரல்லர். கடற்றொழிலாளி. பிரான்சுக்கென்று ஏஜென்சிக்காரன் கூட்டிக்கொண்டு போனான். வழியில் ரஷ்யாவில் பிடித்து இராணுவத்தில் சேர்த்தார்கள்; அவர் கையில் துவக்கு வந்துவிட்டது. முதல்முறை பச்சை உடுப்போடு வீடியோவில் வந்தபோது நான் அழுதேன். பனியைக் காட்டிச் சிரித்தார். "பார் பிள்ளை, ஊர் முழுக்க ஐஸ் கொட்டிக் கிடக்கு. வைக்கத்தான் ஒரு மீனில்லை."

சின்ன வயதில் ஒரு பின்னேரம் அவர் தொழிலுக்கு இறங்கும்போது "அப்பா போறார்" என்று கத்திவிட்டேன். திரும்பி வந்து, வாசலில் இருந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார். "போறன் எண்டு ஒருத்தரும் சொல்லப்படாது. வாறன் எண்டுதான் சொல்லவேணும்" என்றார். கடலுக்கென்றாலும் கடைக்கென்றாலும், தொலைபேசியை வைப்பதற்கென்றாலும் அவருக்கு அந்த ஒரு சொல்தான்.

கடைசியாக அவரோடு கதைத்தது நான். லைன் விட்டு விட்டு வந்தது. "சரி பிள்ளை, வாறன்" என்றார். அழைப்பை முடிக்கத்தான் சொன்னார். எனக்கோ வீட்டுக்கு வருகிறார் என்றே கேட்டது. "எப்ப அப்பா?" என்றேன். "கெதியா" என்றார்.

'வாறன்' என்றதை மட்டும் அம்மாவிடம் சொன்னேன். அன்றே அவர் அப்பாவின் சாரங்களைத் தோய்த்துக் காயப்போட்டார்.

நேற்றுச் சித்தப்பா வந்து, தன் அண்ணையின் ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை கேட்போம் என்றார். அம்மா குரலை உயர்த்தவில்லை. "அவர் பிள்ளையிட்டை வாறன் எண்டு சொன்னவர். உன்ரை அண்ணை பொய் சொல்லுற ஆளே?"

"அண்ணி, அது போனை வைக்கேக்கை எல்லாரும் சொல்லுறதுதானே." சித்தப்பா என்னிடம் திரும்பினார். "பிள்ளை, நீதானே கதைச்சனி. கொப்பர் வைக்கச் சொன்ன வாறனோ, வரப்போற வாறனோ?"

அம்மாவின் கண் என்மேல் இருந்தது.

"நான் எப்ப எண்டு கேட்டனான் சித்தப்பா. கெதியா எண்டவர்."

"கேட்டியோ?" என்றார் அம்மா. சித்தப்பா எழுந்தார். பூசை கேட்கவில்லை.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் என் கேள்விக்கும் அவருடைய பதிலுக்கும் நடுவில் அப்பா பேசாமல் இருந்தார். லைன் அறுந்திருக்கவில்லை, அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அதுதான். அம்மாவுக்கு அதை நான் கொடுக்கவில்லை.