ஒரு மூடி அரிஷ்டம்

எண்பதுகளின் தொடக்கம். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் எனக்கு வேலை, திருநகரில் குடியிருப்பு. மூத்த மகள் அப்போது கைக்குழந்தை. என் பிள்ளைகளுக்குக்கூட இதை நான் முழுதாகச் சொன்னதில்லை. அவர்களும் படிக்கட்டும், மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என்னோடு ஒரே ஷிப்டில் ஒரு நண்பன் இருந்தான். நல்ல வேலைக்காரன், ஆனால் குடிப்பான். ஒருநாள் குடித்துவிட்டு வந்து மெஷின் பக்கத்திலேயே தள்ளாடினான். கை போயிருக்க வேண்டியது, சட்டைக் கை கிழிந்ததோடு தப்பித்தது. அன்றோடு விட்டான்.

விட்ட பிறகுதான் அவன் பாடு தெரிந்தது. சாயங்காலம் ஆறு மணியானால் உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிடுமாம். "காலு தானா கடைப் பக்கம் திரும்புது மாப்ள. நான் சொல்றதக் கேக்கவே மாட்டேங்குது. அதான் ஓட விட்டுப் பாக்கப் போறேன்" என்றான்.

சாராயக் கடை மதுரைப் பக்கம் இருந்தது. அவன் அதற்கு முதுகைக் காட்டி, திருமங்கலம் ரோட்டில் வெறுங்காலோடு ஓட ஆரம்பித்தான். முதல் நாள் பத்துப் புளியமரம் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிட்டான். மறுநாள் ஆறு மணிக்கு அதே இடத்தில் வந்து நின்றான். மழையானாலும் வெயிலானாலும் ஒரு நாள் விடவில்லை. ஆறே மாதத்தில் கப்பலூர் வரை போய்த் திரும்பினான். தூக்குவாளியில் எலுமிச்சம்பழத் தண்ணீரோடு நான் சைக்கிளில் கூடவே போவேன். சில நாள் எனக்குத்தான் மூச்சு வாங்கும்.

அந்த வருடம் மில் விளையாட்டு விழாவில் பத்து மைல் ஓட்டம் வைத்தார்கள். இவனும் பேர் கொடுத்தான். எங்கள் செக்‌ஷனில் ஒரே சிரிப்பு. "அவன் நேரா நடந்து வந்தாலே போதும், கப்பக் குடுத்துரலாம்" என்றார் ஒருவர். இவனும் சேர்ந்து சிரித்தான்.

ஓட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவனுக்குச் சளி பிடித்துக்கொண்டது. இருமலோடேயே ஓடினான். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. பிரசவத்துக்குப் பிறகு என் மனைவிக்கு வாங்கிய அரிஷ்டம் வீட்டில் பாதி பாட்டில் இருந்தது. சளிக்கும் நல்லதென்று அதை எடுத்துக்கொண்டு போனேன். கப்பலூரில் அவன் திரும்பும் இடத்தில் நிறுத்தி, ஒரு மூடி ஊற்றி நீட்டினேன்.

வாங்கி முகத்தருகே கொண்டுபோனவன், "வேணாம் மாப்ள" என்று திருப்பி நீட்டினான்.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "புள்ள பெத்தவ குடிக்கிற மருந்துடா இது. இதுக்கே பயந்தா நீ எங்க பத்து மைலு ஓட?" என்று கேலி செய்து, அவன் கையை வாய்ப்பக்கம் தள்ளினேன். அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். கண் அந்த மூடியை விட்டு நகரவில்லை.

"மதுவிலக்குல கடையெல்லாம் பூட்டிக் கெடந்தப்ப எனக்கு இதுதான் மாப்ள சரக்கு" என்றான் மெதுவாக. "பாட்டில் பாட்டிலாக் குடிச்சிருக்கேன். இன்னைக்கு நீ ஊத்துற, ஒரு மூடி. நாளைக்கு நானே இருமிக்கிட்டு மருந்துக்கடை வாசல்ல போயி நிப்பேன்."

அரிஷ்டம் மருந்துதான். ஆனால் புளிக்க வைத்துச் செய்வது, அதிலும் போதை உண்டு. அது எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் தோன்றவில்லை. பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

அவன் கோபப்படவில்லை. ஒரு சொட்டுச் சிந்தாமல் மூடியை என் கையில் கொடுத்தான். வீட்டுப் பக்கம் திரும்பாமல், திருமங்கலத்தைப் பார்த்து மறுபடி ஓட ஆரம்பித்தான். நான் பாட்டிலைப் புளியமரத்து வேரில் கவிழ்த்துவிட்டுப் பின்னாலேயே சைக்கிளை மிதித்தேன். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுத் திண்டில் போய் உட்கார்ந்து, ரொம்ப நேரம் இருமினான். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இப்பத் தேவல மாப்ள. காலு சொன்னாக் கேக்குது."

கேரியரில் உட்கார வைத்து மிதித்துக் கூட்டிவந்தேன். வழியெல்லாம் நான்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன். அவன் பேச்சை மாற்றிக்கொண்டே வந்தான்.

பந்தயத்தில் அவன் ஆறாவதாக வந்தான். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அப்படியே நடந்து, கேலி பேசியவர் முன்னால் போய் நின்றான். "நேரா நடந்து வந்துட்டேண்ணே. கப்பு எங்க?" அவர் சிரிக்கவில்லை. தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் பார்த்தவரை அவன் குடிக்கவில்லை.

விருந்தாளிகளை 'இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க' என்று நான் வற்புறுத்துவதில்லை என்று என் மனைவிக்கு இன்றும் குறை உண்டு. வேண்டாம் என்ற ஒரு சொல்லைச் சொல்ல ஒரு மனுசன் எம்புட்டுத் தூரம் ஓடி வந்திருப்பான் என்பதை நான் கப்பலூர் ரோட்டில் பார்த்தவன்.