சைக்கிளைப் பற்றி ஆறாவது கேள்வி

திருத்தணி மலையடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரியின் எழுத்தர் சத்தியநாதன், பன்னிரண்டு ஆண்டுகள் தம்மோடு இல்லறம் நடத்திய மனைவியை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் ஆண்டு ஆடி மாதத்து முற்பகல் ஒன்றில்தான் முதன்முறையாகக் கண்டார் என்று சொன்னால் மிகையாகாது.

மனைவி தபிதாள் அதே ஆஸ்பத்திரியில் ஆயா. தரை கழுவுவதும், பிரசவ அறையில் வெந்நீர் ஏந்தி நிற்பதும் அவள் தொழில். நின்றபடியே கண்ணால் கற்றது ஏராளம். மருத்துவச்சியர் இருவரும் ஊரில் இல்லாத ஒருநாள், இரட்டைப் பிள்ளைகளைத் தானே எடுத்துத் தாயையும் காத்தவள் அவள். இப்போது பள்ளிப்பட்டுச் சாலைக் கிராமங்களுக்கு மருத்துவச்சி ஒருத்தி வேண்டுமென்று அறிவிப்பு வந்தது. புதிதாக வந்திருந்த வெள்ளைக்கார டாக்டரம்மாளுக்குத் தமிழும் வராது, தெலுங்கும் வராது. ஆகையால் எளிய ஆங்கிலத்தில் பேசத் தெரிந்தவளே தேறுவாள். பேச்சுத் தேர்வுக்குரிய பொருள் சைக்கிள் என்று பலகையில் எழுதியிருந்தது. முப்பத்தைந்து வயதைக் கடந்துவிட்ட அவளை மறுமுறை அழைக்க மாட்டார்கள். தவறினால் தபிதாளுக்கு ஆயுள் முழுதும் துடைப்பந்தான்.

சைக்கிள் ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாடு, மரம், மழை என்பவை போல அதுவும் ஒரு பாடம் என்றே சத்தியநாதன் கொண்டார். ஐந்து கேள்விகளை ஊகித்து, ஐந்துக்கும் விடை எழுதி, இருபது நாள் மனைவிக்கு ஓதுவித்தார். கூடவே ஒரு பிழையும் செய்தார். தேர்வில் குறிப்பெழுதும் பணி தம்மிடம் வந்தபோது, தேர்வுக்கு வருகிறவர்களுள் ஒருத்தி தம் மனைவி என்பதை டாக்டரம்மாளிடம் சொல்லாமல் விட்டார். தாம் அருகிலிருந்தால் அவளுக்குத் துணிவு பிறக்கும் என்று நினைத்தார்.

"வீட்டில் சைக்கிள் இருக்கிறதா?" என்று டாக்டரம்மாள் ஆங்கிலத்தில் தொடங்கினாள்.

"எஸ், மேடம்."

நிறம் கறுப்பு. சந்தைக்கும் ஆலயத்துக்கும் பயன்படுகிறது. நடப்பதைவிட விரைவானது. மழையில் நனைந்தால் துடைத்து எண்ணெய் இடவேண்டும். ஐந்து விடைகளும் அருவிபோல வந்தன. சத்தியநாதன் மனத்துக்குள் தோத்திரம் செலுத்தினார்.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

இந்தக் கேள்வியை அவர் ஊகிக்கவே இல்லை. ஆயினும் விடையில் ஐயமில்லை. அவள் வாய் திறக்குமுன்பே 'தெரியாது' என்று எழுதிவிட்டார்.

"எஸ், மேடம்," என்றாள் தபிதாள்.

இடியோசை கேட்ட நாகம்போல ஒடுங்கினார் சத்தியநாதன். பேனாவிலிருந்து மை சொட்டிக் காகிதத்தில் பரவியது.

"யாருடைய சைக்கிள்?"

"என் கணவருடையது."

"அவர் பெயர்?"

தபிதாள் தலை கவிழ்ந்தாள். கணவன் பெயரைச் சொன்னால் அவனுக்கு ஆயுள் குறையும் என்ற அச்சம், ஞானஸ்நானம் பெற்று மூன்று தலைமுறை கடந்தும் அந்தக் குடும்பத்துப் பெண்களை விட்டு அகலவில்லை. ஜெபக் கூட்டத்தில்கூட அவள் மகள் பெயரைச் சொல்லி 'லில்லி அப்பா'வுக்காகவே வேண்டிக்கொள்வாள். டாக்டரம்மாளுக்கு இது எங்கே தெரியும்? சொந்தக் கணவனின் பெயர் தெரியாதவள் சைக்கிளைப் பற்றியும் பொய்தான் சொல்லியிருப்பாள் என்று முகம் சுளித்து, அடுத்தவளை அழைக்க மணியை நோக்கிக் கை நீட்டினாள்.

"சத்தியநாதன்," என்றாள் தபிதாள்.

நீண்ட கை அந்தரத்தில் நின்றது. டாக்டரம்மாள் மெல்லத் திரும்பித் தன் எழுத்தரைப் பார்த்தாள்.

"நீரா?"

"எஸ், மேடம்." அவர் எழுந்து நின்றார்.

"இவள் ஓட்டுவது உண்மையா?"

"தெரியாது, மேடம்."

அனைவரும் முற்றத்துக்கு வந்தார்கள். சத்தியநாதனின் கறுப்பு சைக்கிள் அங்கே சுவரில் சாய்ந்திருந்தது. தபிதாள் புடவையைத் தூக்கிச் செருகினாள். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலக்காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கிணற்றைச் சுற்றத் தொடங்கினாள். தன் முறைக்குக் காத்திருந்த கிரேஸ் வாயில் கை வைத்தாள்.

"ஐயோ அக்கா! இன்னாக்கா இது, வுழுந்துடப் போற!"

"தள்ளி நில்லுடி கிரேஸு! எனக்கு நிறுத்தத்தான் சரியா வராது!"

செம்பருத்தி வேலியில் முட்டி நின்றாள்.

டாக்டரம்மாள் சிரிக்கவில்லை. கிராமத்துக்குக் கிராமம் மூன்று மைல், நான்கு மைல், பிள்ளைப்பேறு காத்திராது, சைக்கிளில் செல்லத் துணிந்தவளையே தேடினேன் என்றாள். வேலை தபிதாளுக்குத்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் சைக்கிள் இல்லை. தம் வண்டியைக் கொடுப்பதாகக் கணவர் எழுதித் தரவேண்டும். உறவை மறைத்த எழுத்தர் இனிமேல் எந்தத் தேர்விலும் அமரக்கூடாது. இவ்வளவு சொல்லி உள்ளே போய்விட்டாள்.

"எப்போ கத்துக்கின?" என்றார் சத்தியநாதன்.

"ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு சாப்ட்டுட்டு நீங்க தூங்குவீங்களே, அப்போதாங்க. மூணு வருசமா."

"மூணு வருசமா! நான் ஒரு வாட்டிகூட முழிக்கலையா?"

"ஒரு வாட்டி முழிச்சீங்க. இன்னா சத்தம்னு கேட்டீங்க. எலின்னு சொன்னேன்."

"எலியா!"

"ஆங். திரும்பிப் படுத்துக்கினீங்க."

தபிதாள் அவரையே ஏற இறங்கப் பார்த்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

"பேரைச் சொல்லிட்டேனேங்க. உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையே? நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"வலிக்கல."

"அப்போ கையெழுத்துப் போடுவீங்களா?"

சத்தியநாதன் மேசைக்குப் போனார். மை பரவிய தாளை ஒதுக்கிவிட்டுப் புதிய தாள் எடுத்தார். கறுப்பு சைக்கிள் ஒன்றைத் தம் மனைவி தபிதாளின் பணிக்கு மனப்பூர்வமாக அளிப்பதாக எழுதிக் கீழே ஒப்பமிட்டார். அவசரமாக இட்ட அந்த ஒப்பம் வேறொருவருடையது போல் இருந்தது. ஆயினும் டாக்டரம்மாள் அதை ஏற்றுக்கொண்டாள்.