கம்பிக் களத்தில் குரங்கு என்ற சொல்

எங்கள் களத்தில் குரங்கு என்பது விலங்கின் பெயர் அல்ல. இடித்த கட்டிடங்களிலிருந்து லாரியில் வந்து இறங்கும் வளைந்த கம்பிக்கு அங்கே அந்தப் பெயர். "அந்தக் குரங்கை எடுத்துக் கல்லுல போடு" என்று மேஸ்திரி சொன்னால், கோணிக் கிடக்கும் கம்பி ஒன்றை இழுத்து வருவார்கள். எடைமேடையில் கணக்கு எழுத வந்த புதிதில் நான் இதைக் கேலிப்பெயர் என்றே எண்ணினேன். பிறகு அகராதியைப் புரட்டினேன். குரங்குதல் என்றால் வளைதல். பழம்பாட்டில் குதிரையின் வளைந்த பிடரிமயிருக்கும் இச்சொல் வருகிறது. கொக்கிக்கும் இதே பெயர் உண்டு. கூனி நடப்பதால் விலங்குக்கு இப்பெயர் வந்தது என்பார் சிலர். அதற்கு உறுதியான சான்று நான் பார்த்ததில்லை. களத்துக்காரர்கள் அகராதி பார்த்துப் பெயர் வைக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

கல் என்று அவர்கள் சொல்வதும் கல் அல்ல. தரையில் பதித்த இரும்புக் கட்டை; அதன் மேல் இரண்டு முளைகள். முளைகளுக்கு நடுவே கம்பியைக் கொடுத்து ஒருவர் கட்டையின் ஓரமாகப் பிடித்து, உடம்புப் பாரம் முழுவதையும் கையில் இறக்கி அழுத்துவார். இன்னொருவர் வளைவு நிமிரச் சம்மட்டியால் அடிப்பார். அடி விழ விழப் பிடித்தவர் கம்பியைத் திருப்பித் தர வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் கம்பியைப் பாதியில் விட்டால் அது சாட்டை போல எழும்பும். அதனால் நன்றாகப் பிடிப்பவனைக் "குரங்குப்பிடி போட்டிருக்கான்யா" என்று மெச்சுவார்கள். களத்தில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அங்கே சம்மட்டியார் என்று ஒருவர் இருந்தார். சிறு வயதிலேயே வேலைக்கு வந்தவர். குனிந்து குனிந்து அடித்து முதுகு அப்படியே நின்றுவிட்டது. நின்றால் கை முழங்காலைத் தொடும். மனைவியின் தம்பியைச் சிறுபிள்ளையாக இருந்தபோதே தம் வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்த்து, பின்பு களத்திலும் சேர்த்துவிட்டார். மச்சினனுக்கு வேலை சுத்தம். வாய்தான் சும்மா இருக்காது.

ஒரு நாள் மச்சினன் சுவரில் சாக்கட்டியால் ஒரு படம் போட்டான். பள்ளிப் புத்தகங்களில் வருவதுதான்: நாலு காலில் ஊரும் உருவம் ஒன்று, அடுத்தது கையூன்றியது, அடுத்தது கூனியது, கடைசியில் நிமிர்ந்து நடக்கும் மனிதன். குரங்குதான் மனிதனானது என்று அப்படம் நினைக்க வைக்கும். அது சரியல்ல, இருவருக்கும் பொதுவான மூதாதை ஒன்று இருந்தது என்பதே ஆய்வாளர் கூற்று. ஆனால் அந்தச் சுவரின் முன் நின்றவர்களுக்கு அந்தத் திருத்தத்தால் என்ன ஆகப்போகிறது?

"மாமா, மூணாவதா நிக்கிறது நீங்கதான்," என்றான் மச்சினன். "இன்னும் கொஞ்சம் கஷ்டப்பட்டா மனுசனாயிடலாம்."

சம்மட்டியாரும் சேர்ந்து சிரித்தார். "முதல்ல நீ படத்துல ஏறுடா. உன்னை வாலோட வரையணும்."

அன்று முதல் களம் அவரை "குரங்கு மாமா" என்றது. கம்பிக்கு இருந்த பெயர் ஆளுக்கு வந்தது. அதையும் அவர் பொறுத்துக்கொண்டார்.

ஒரு மதியம், சாப்பிட்ட கையோடு, மச்சினன் படத்தின் முதல் உருவத்தைக் காலால் சுட்டினான். "இது யாருன்னு சொல்லவே இல்லையே. மாமாவோட அம்மா."

சம்மட்டியாரின் தாய் கட்டிட வேலையில் கல் சுமந்தவர். கடைசிக் காலத்தில் இடுப்பு விழுந்து, வீட்டுக்குள் கையையும் காலையும் ஊன்றித்தான் போய்வந்தார். அப்படியே போகும்போதுதான் உயிர் பிரிந்தது. அந்த வீட்டில் வளர்ந்த மச்சினனுக்கு இது தெரியாததல்ல.

சம்மட்டியார் எழுந்தது யாருக்கும் தெரியவில்லை. முதல் அடி வாயில் விழுந்தது. பல் தெறித்தது. விழுந்தவனைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, முகத்தைச் சுவரில் வைத்து இழுத்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. சாக்கட்டிக் கோடு அழிந்து அதன் மேல் ரத்தம் படிந்தது. பிறகு கீழே போட்டு விலாவில் மிதித்தார். நாலைந்து பேர் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது. பிரித்தவர்களில் ஒருவனுக்குக் காது கிழிந்தது.

களத்தில் சண்டைக்கு ஒரு வழக்கம் உண்டு. அடித்துக்கொண்ட இருவரும் மறுநாள் ஒரே கல்லில் வேலை செய்ய வேண்டும். அடி வாங்கியவன் கையில் காலையில் சம்மட்டி. அடித்தவன் கம்பியைப் பிடிக்க வேண்டும். மதியத்துக்கு மேல் இடம் மாறிக்கொள்ள வேண்டும். காலையில் மற்றவன் கையில் அடித்தால் மதியம் தன் கை போகும் என்ற பயத்தில் ஆள் அடங்கிவிடுவான் என்பது கணக்கு.

"நாளைக்கு ரெண்டு பேரும் ஒரே கல்லு," என்றார் மேஸ்திரி.

அன்று மாலை சம்மட்டியாரின் மனைவி வாசலில் நின்றபடியே சொன்னாராம்: "அவன் கையை உடைச்சிட்டு இந்த வீட்டுக்குள்ள கால் வைக்காதீங்க."

"காலையில சம்மட்டி அவன்கிட்டதான் இருக்கு. என் கையைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீங்க பெரியவர். தாங்குவீங்க."

மறுநாள் அந்தக் கல்லைச் சுற்றியே எல்லோர் கண்ணும். மச்சினனின் வாய் வீங்கிக் கிடந்தது. ஓங்கி ஓங்கி அடித்தான். ஒவ்வோர் அடியும் விரலை ஒட்டி விழுந்தது. சம்மட்டியார் இமைக்காமல் திருப்பித் திருப்பிக் கொடுத்தார். வெயில் ஏறும் நேரத்தில் சம்மட்டி அவரது இடது கட்டைவிரலில் இறங்கியது. நசுங்கும் ஓசை எடைமேடைவரை கேட்டது.

"வழுக்கிடுச்சு மாமா," என்றான்.

அவர் பல்லைக் கடித்தபடி மறு கையால் அழுத்தி, அந்தக் கம்பி நேராகும்வரை பிடியை விடவில்லை. பிறகுதான் துணி சுற்றிக்கொண்டார்.

மதியம் மேஸ்திரியே வந்தார். "போதும். ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க."

"என் முறை இருக்கு," என்றார் சம்மட்டியார்.

ரத்தம் ஊறிய துணியோடு சம்மட்டியை எடுத்தார். மச்சினன் பிடித்தான். முதல் சில அடிகள் சுத்தமாக வளைவின் மேலேயே விழுந்தன. அவன் கம்பியை விட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கம்பியைப் பாருடா. என் மூஞ்சியை எதுக்குப் பாக்குற?"

"மாமா, வேண்டாம் மாமா. தெரியாம சொல்லிட்டேன்."

"எது தெரியாம? வாயா, கையா?"

அடுத்த முறை சம்மட்டி உயர்ந்தபோது மச்சினன் பிடியை விட்டுக் கையை இழுத்துக்கொண்டான். கம்பி எழும்பி அவன் முகத்தில் குறுக்காக அடித்தது. சம்மட்டி வெறும் கட்டையில் விழுந்து பொறி பறந்தது. அவன் மல்லாந்து விழுந்தான். வலது கண் இருந்த இடத்தில் கண் இல்லை.

லாரியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அவன் தலை சம்மட்டியாரின் மடியில் இருந்தது, எதிரே நான். களத்தில் தீர்ப்பு அதற்குள் முடிந்திருந்தது: பிடியை விட்டவன்மேல்தான் குற்றம். சம்மட்டியாரை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மனைவி தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். சம்மட்டியார் வந்து கால்மாட்டில் நின்றார். நானும் உடன் போயிருந்தேன்.

"எல்லாரும் இவன் பயத்துல விட்டதா சொல்றாங்க," என்றார் மனைவி. "நீங்க ஒண்ணும் பண்ணலையே?"

பண்ணவில்லை என்று சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். வீடும் இருந்திருக்கும்.

"அந்த அடியை இவன் விரலைப் பாத்துத்தான் ஓங்கினேன்," என்றார் அவர். "விடாம இருந்திருந்தா பத்து விரல்ல பாதி இருந்திருக்காது."

கட்டு போட்ட முகத்தைத் திருப்பாமலே மச்சினன் சொன்னான்: "தெரியும் மாமா. உங்க கண்ணைப் பாத்துட்டுத்தான் விட்டேன்."

மனைவி எழுந்து, கணவருக்கென்று கொண்டுவந்திருந்த சாப்பாட்டுத் தூக்கை அவர் கையில் கொடுத்தார். "நீங்க வீட்டுக்குப் போங்க. நான் இனி இவனோட இருக்கேன்."

அவர் நசுங்காத கையால் வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.